கீழ்த்தட்டில் இருந்த குப்பிகள்

அக்காள் மகன் மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். பொங்கலுக்குக் காரைக்குடி வந்திருந்தவன், சாப்பாடு முடிந்து வளவில் உட்கார்ந்திருந்தபோது, "அம்மான், ஒரே ஒரு வென்டிலேட்டர்தான் இருக்கு. ஒரு நோயாளிக்கு முப்பது வயசு, இன்னொருத்தருக்கு எழுபது. நீங்களா இருந்தா யாருக்குக் கொடுப்பீக?" என்று கேட்டான். 2019ஆம் ஆண்டு முதல் மருத்துவப் பாடத்திட்டத்தில் அறநெறிக்கென்று தனிப் பகுதி வைத்திருக்கிறார்கள். அந்த வகுப்பில் கேட்கப்பட்ட கேள்வியாம். நான் உடனே பதில் சொல்லவில்லை. முப்பத்தோரு ஆண்டுகள் செட்டிநாட்டுப் பக்கத்து அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். ஊர்க்காரர்கள் கடைசிவரை என்னைக் கம்பவுண்டர் என்றுதான் அழைத்தார்கள். நான் வேலை பார்த்த இடங்களில் பெரும்பாலும் வென்டிலேட்டரே கிடையாது. ஆனால் பற்றாக்குறை நாள்தோறும் என் சன்னலுக்கு வந்துகொண்டிருந்தது. அது வந்த கோலம் வேறு என்பதால், அவன் கேள்வியில் அதை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

நாய்க்கடி மருந்தை எடுத்துக்கொள்கிறேன். வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் ஏறத்தாழ எவரும் பிழைப்பதில்லை. அதற்கு முன்னால் காயத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி, உரிய ஊசிகளைப் போட்டுக்கொண்டால் ஏறத்தாழ எல்லோருமே பிழைத்துவிடலாம். ஊசி இரண்டு வகை. ஒன்று தடுப்பூசி, உடல் தானே எதிர்ப்பை உண்டாக்கிக்கொள்ளச் செய்வது. மற்றொன்று நாங்கள் சீரம் என்று சொல்கிற இம்யூனோகுளோபுலின். பல் ஆழமாகப் பதிந்த கடிகளுக்கு, உடலின் எதிர்ப்பு உருவாகும் வரையிலான இடைவெளியைக் காக்கக் காயத்துக்குள்ளேயே செலுத்தப்படுவது. தடுப்பூசி பெரும்பாலும் இருப்பில் இருக்கும். சீரம் அப்படியன்று.

தடுப்பூசியிலேயே ஒரு பங்கீட்டுக் கணக்கு உண்டு. முன்பெல்லாம் ஒருவருக்கு ஐந்து தவணை, தவணைக்கு ஒரு குப்பி. 2006இல் தோலுக்குள் போடும் முறைக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்த பிறகு, ஒரு தவணைக்கு இரண்டு கைகளிலுமாக 0.2 மில்லி போதும் என்று ஆயிற்று. ஒரு மில்லிக் குப்பியை ஐந்து பேருக்குப் பகிரலாம். திறந்த குப்பியைச் சில மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். எனவே ஒருவருக்காக உடைத்தால் நான்கு பேருடைய மருந்து வீணாகும் என்ற கவலையில், "இன்னும் நாலு பேர் சேரட்டும், உட்காருங்க" என்று சிஸ்டர் சொல்வார். சிங்கம்புணரிப் பக்கத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்த கொத்தனார், நான்கு பேர் சேரும் வரை மர பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அன்றைய கூலி போயிற்று. மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் மறுபடி வர வேண்டும். அந்தக் கூலியும் போகும். அரசுக்கு மிச்சமான மருந்தின் விலையை அவர்தான் தம் கையிலிருந்து கொடுத்தார் என்பது எனக்கு உறைக்கவே பல ஆண்டுகள் ஆயின. சிக்கனம் தவறு என்று நான் சொல்லவில்லை; அந்தச் சிக்கனத்தால்தான் ஐந்து மடங்கு பேருக்கு ஊசி கிடைத்தது. ஆனால் நாய்க்கடிக்காரர்கள் எல்லோரையும் காலை பத்து மணிக்கு என்று ஒரே நேரத்துக்கு வரச் சொல்லியிருந்தால் காத்திருப்பு பாதியாகியிருக்கும். எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் முறையிடவும் இல்லை.

இனி நான் சொல்லத் தயங்கி வந்ததைச் சொல்கிறேன். எந்த மருத்துவமனை என்று எழுதப்போவதில்லை. அங்கிருந்தவர்கள் பலர் இன்னும் பணியில் இருக்கிறார்கள், அந்த வழக்கம் அங்கு மட்டும் இருந்ததும் அன்று. குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில், ஒரு பழைய மருந்துப் பெட்டிக்குப் பின்னால், இரண்டு சீரக் குப்பிகள் எப்போதும் இருக்கும். பதிவேட்டில் அவை செலவானவையாக எழுதப்பட்டிருக்கும். மேலிடத்திலிருந்து யாராவது தொலைபேசியில் கூப்பிட்டால் இல்லையென்று சொல்ல நேரக் கூடாது என்பதற்காக வைக்கப்பட்டவை. எனக்கு முன்னால் இருந்தவர் பொறுப்பை ஒப்படைக்கும்போது சாவியோடு சேர்த்து இதையும் ஒப்படைத்தார். நானும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டேன்.

ஒரு சித்திரை மாதப் பிற்பகலில், கன்னத்தில் கடிபட்ட பெண்குழந்தையை அவள் தாய் தூக்கிக்கொண்டு வந்தாள். ஏழு எட்டு வயதிருக்கும். முகம், கழுத்து, கை ஆகிய இடங்களில் கடித்தால் கிருமி மூளையை எட்டும் வழி குறுகியது என்பதை மருத்துவமனைக் கடைநிலை ஊழியர் வரை எல்லோரும் அறிவோம். மருத்துவர் சீரம் எழுதினார். பதிவேட்டின்படி இருப்பு இல்லை. நான் இல்லை என்றேன். தடுப்பூசியின் முதல் தவணையைப் போட்டு, மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, 108க்குச் சொல்லிவிட்டு அனுப்பினார்கள். அரைமணி நேரம் கழித்து, பூட்டிக் கிடந்த தம் வீட்டைப் பார்க்க வெளியூரிலிருந்து வந்திருந்த ஒருவர் கெண்டைக்காலில் கடிபட்டு வந்தார். அவருக்கு முன்பே தொலைபேசி வந்துவிட்டது. நான் கீழ்த்தட்டைத் திறந்தேன்.

இதில் கணக்கைப் பார்க்க வேண்டும். குதிரையிலிருந்து எடுக்கும் அந்தச் சீரம், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 40 யூனிட் வீதம். குப்பி ஒன்றில் 1500 யூனிட். அறுபது கிலோ மனிதருக்கு 2400 யூனிட், அதாவது இரண்டு குப்பி. இருபது கிலோக் குழந்தைக்கு 800 யூனிட், ஒரு குப்பியில் பாதிக்குச் சற்று மேல். காயத்தைச் சுற்றிச் செலுத்தியது போக மிச்சத்தைத் தொடைத் தசையில் போடுவது அன்றைய முறை. அந்தப் பெரியவரின் காயத்துக்குள் போனது கொஞ்சம். மிச்சம் எல்லாம் தொடையில் போயிற்று. அப்படித் தசையில் போடும் மிச்சத்தால் சொல்லத்தக்க பயனில்லை, காயத்துக்குள்ளும் சுற்றிலும் கொள்ளுமளவு செலுத்தினால் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட நிலைப்பாட்டில் இருக்கிறது. சீரம் தட்டுப்பாடான இடங்களில் தலை, கழுத்து, கைகளில் கடிபட்டவர்களுக்கும் ஆழமான, பல காயங்கள் உள்ளவர்களுக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதில் சொல்லியிருக்கிறது. சீரத்தைத் தாமதிக்காமல் போடுவதே நல்லது என்றாலும், முதல் தவணைத் தடுப்பூசி போட்ட ஏழு நாளுக்குள் போடலாம் என்பதும் விதியில் உள்ளது. ஆக, காயத்துக்கு மட்டும் செலுத்தியிருந்தால், அன்று கீழ்த்தட்டில் இருந்தது இருவருக்கும் போதுமானதாகவே இருந்தது. இல்லாமை என்று நாங்கள் சொன்னது எங்கள் கையால் செய்த இல்லாமை.

மூன்றாம் நாள் இரண்டாம் தவணைக்கு அந்தத் தாய் வந்தாள். மதுரையில் இரவு சீரம் போட்டுவிட்டார்கள். சன்னலருகே வந்து, "சீட்டு எழுதிக் கொடுத்ததாலதான் அங்க ஒடனே பாத்தாக, கம்பவுண்டரய்யா" என்று கும்பிட்டாள். அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு மாத்திரை எண்ணியதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

நிற்க. மருமகனின் கேள்விக்கு வருகிறேன். யாருக்குக் கொடுப்பது என்று ஒரு குழு உட்கார்ந்து தீர்மானித்த கதை உண்மையிலேயே உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற மருத்துவர் 1960இல் ஒரு சிறு குழாயைச் செய்தார். அதைக் கையில் நிலையாகப் பொருத்திவிட்டால் சிறுநீரகம் செயலிழந்தவருக்கு மீண்டும் மீண்டும் டயாலிசிஸ் செய்யலாம். 1962இல் அங்கே அதற்கென ஒரு மையம் தொடங்கிற்று. படுக்கை சில, நோயாளிகள் பலர். மருத்துவத் தகுதி பார்த்த பிறகும் எஞ்சியவர்களில் யாரை ஏற்பது என்று முடிவெடுக்க, பெயர் வெளியிடப்படாத ஏழு பேர் கொண்ட குழு அமைந்தது. ஒரு வழக்கறிஞர், ஒரு மதகுரு, ஒரு வங்கியாளர், ஓர் இல்லத்தரசி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஓர் அரசு அதிகாரி, ஓர் அறுவை மருத்துவர். திருமணமானவரா, எத்தனை பிள்ளைகள், வருமானம் என்ன, படிப்பு என்ன, தேவாலயம் போகிறவரா என்றெல்லாம் அவர்கள் பார்த்தார்கள். ஒரு வார இதழ் இதை வெளியிட்டபோது எழுந்த சர்ச்சை, மருத்துவ அறநெறி என்ற துறை வளர்ந்த காரணங்களுள் ஒன்று. பத்து ஆண்டு கழித்து, 1972இல், சிறுநீரகம் செயலிழந்தவர்களில் பெரும்பாலோருடைய செலவை அரசே ஏற்கும் சட்டம் அங்கே வந்தது.

அந்த எழுவரை நான் கெட்டவர்கள் என்று நினைக்கவில்லை. தங்களைப் போன்றவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள்; அவ்வளவுதான். என் கீழ்த்தட்டும் அதையேதான் செய்தது, குழுவும் கூட்டமும் இல்லாமல்.

நீதிமன்றங்களும் இதில் தடுமாறியிருக்கின்றன. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு கூலித் தொழிலாளியைக் கல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கை இல்லை, வசதி இல்லை என்று திருப்பியனுப்பின. அந்த வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் 1996இல், பணம் இல்லை என்பதைச் சொல்லி அரசு இந்தக் கடமையிலிருந்து தப்ப முடியாது, அவசர சிகிச்சை மறுப்பு வாழ்வுரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு தென்னாப்பிரிக்காவின் அரசமைப்பு நீதிமன்றத்துக்குச் சுப்பிரமணி என்பவரின் வழக்கு வந்தது. பெயரே சொல்லும், நம்மவர் வழி வந்தவர். சிறுநீரகம் செயலிழந்தவர், இதய நோயும் சர்க்கரையும் உள்ளவர். டர்பன் மருத்துவமனை, மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதியுள்ளவர்களுக்கே தொடர் டயாலிசிஸ் என்று விதி வைத்திருந்தது. கைப்பணம் தீர்ந்ததும் அவர் வழக்குத் தொடுத்தார். நீதிபதிகள் நம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் எடுத்துப் பார்த்து, அது திடீர் விபத்து, இது நாட்பட்ட நோய் என்று வேறுபடுத்தி, நல்லெண்ணத்தோடு வகுத்த நியாயமான விதியில் தலையிட மாட்டோம் என்றார்கள். சில நாட்களில் அவர் இறந்துபோனார்.

இரண்டையும் படிக்கும்போது மனம் முதல் தீர்ப்பின் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் சன்னலுக்கு உள்ளே நின்றவன் என்ற முறையில் இரண்டாவதில் ஒன்றைக் கவனிக்கிறேன். டர்பனில் விதி எழுதப்பட்டிருந்தது, எல்லோருக்கும் அதுவே, அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நோயாளி நீதிமன்றம் வரை போய் வாதாட முடிந்தது. அந்தத் தாய் என்மீது எந்த விதியை வைத்து வழக்காடியிருக்க முடியும்? இல்லை என்ற சொல்லுக்கு எதிராக வாதமே கிடையாது. முதல் தீர்ப்பிலும் பலர் கவனிக்காத ஒரு கட்டளை உண்டு: அவசர நோயாளிக்கு எந்த மருத்துவமனையில் படுக்கை இருக்கிறது என்று உடனே தெரிய மையத் தகவல் ஏற்பாடு ஒன்று வேண்டும் என்பது. வாழ்வுரிமை பற்றிய பெரிய சொற்களைவிட இந்தச் சிறிய கட்டளை எனக்கு நெருக்கமாகத் தோன்றுகிறது.

எங்கள் ஊர்க் கண்மாயில் தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். மடையைத் திறக்கும் நீர்ப்பாய்ச்சிக்கு அந்த ஆயக்கட்டில் நிலம் இருக்கக் கூடாது என்பது வழக்கம். யாருக்கு எத்தனை நாழிகை என்பதை ஊர்க் கூட்டத்தில் எல்லோர் முன்னும் சொல்லிவிடுவார்கள். பாகப்பிரிவினையில் இரண்டு பங்கும் ஒப்பானவை என்று ஆனபிறகு, எந்த அறை யாருக்கு என்பதைத் திருவுளச் சீட்டுப் போட்டுத்தான் முடிப்பார்கள்; மூத்தவனும் பணக்காரனும் சீட்டுக்கு முன்னால் ஒன்று. மருத்துவத் தேவையில் இருவரும் சமம் என்று உண்மையிலேயே ஆகிவிட்டால், வரிசையோ சீட்டோதான் மிச்சம் என்று நினைக்கிறேன். மருமகன் இதைக் கேட்டுச் சிரித்தான். குருட்டுத்தனமாக இருக்கிறதாம். குருடாக இருப்பதுதான் அதன் தகுதி என்றேன்.

நம் பழைய முறைகளை ஒரேயடியாகப் புகழவும் முடியவில்லை. நகரத்தார் கோயில் கணக்கில், வரி போடுவதற்கு மணமான ஆண் ஒரு புள்ளி. இலட்சாதிபதிக்கும் ஏழைக்கும் புள்ளி வரி ஒன்றே. இதைவிடச் சமமான கணக்கு எங்கே என்று பெருமையாகச் சொல்லி வந்தேன். என் அப்பத்தா இளம் வயதில் தாலி இழந்தவர். அவர் அரைப் புள்ளி. சமமாகப் பங்கிடுவது எளிது. யாரை முழுதாக எண்ணுவது என்பதில்தான் சிக்கல் ஒளிந்திருக்கிறது.

மருந்துக் கணக்கிலும் அதுவே. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கி, மறு ஆண்டு முதல் மருந்தை மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்தார்கள். நமக்கு ஒதுக்கிய தொகைக்குள் வேண்டியதை எடுத்துப் பாஸ்புக்கில் பதிந்துகொள்ளலாம். அதற்கு முந்தைய காலத்தை அறிந்தவன் என்பதால், நான் பார்த்த ஏற்பாடுகளில் மிக நல்லது இது என்பேன். ஆனாலும் கிடங்குக்கு அனுப்பும் தேவைப் பட்டியலான இன்டென்டை எழுதும்போது சென்ற ஆண்டு எவ்வளவு செலவாயிற்று என்பதைப் பார்த்தே இந்த ஆண்டுத் தேவையை எழுதுவேன். சென்ற ஆண்டு மருந்து தீர்ந்ததால் திரும்பிப்போனவர்கள் செலவுக் கணக்கில் இல்லை. பேருந்து இல்லாத ஊரில் வராமலே இருந்துவிட்டவர்கள் இல்லவே இல்லை. கடைமடை வயல் காய்ந்து தரிசானால், மறு ஆண்டு அதற்குத் தண்ணீரே வேண்டாம் என்று கணக்கு எழுதுவது போன்றது இது. சில ஆண்டுகள் கழித்து, மருந்து கிடைக்காமல் திரும்பியவர்களை எண்ண ஒரு நோட்டுப் போட்டேன். அரசு கேட்காத நோட்டு. இன்டென்டில் அந்த எண்ணையும் சேர்த்து எழுதினால் கிடங்கில் சில சமயம் ஒப்புக்கொள்வார்கள், சில சமயம் சிரிப்பார்கள்.

பற்றாக்குறை என்பது கல்லில் செதுக்கியதன்று என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. அதற்கு முன் அயல்நாட்டுக் கதை ஒன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரிட்டனில் காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் மிகக் கொஞ்சம் கிடைத்தது. எல்லோருக்கும் கொடுக்க இயலாது என்பதால், யாருக்கு மருந்து என்பதைத் தற்செயல் எண்களுக்கு விட்டு ஓர் ஆய்வு நடத்தினார்கள்; 1948இல் முடிவு வெளியானது. இன்று மருந்து ஆய்வுகளுக்கு அடிப்படையான முறை அப்படிப் பரவலாயிற்று. இந்தியாவில் மருந்து வந்த பிறகும் படுக்கை இல்லை. காசநோயாளி சானடோரியத்தில் மாதக் கணக்கில் கிடக்க வேண்டும் என்பது அன்றைய மருத்துவம். தாம்பரத்தில் இடம் கிடைக்க எத்தனை பேரிடம் நடந்தேன் என்று அப்பச்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம், நெரிசலான குடிசையில் இருந்துகொண்டே மாத்திரை சாப்பிட்டவர்களையும் சானடோரியத்தில் நல்ல உணவோடு படுத்திருந்தவர்களையும் ஒப்பிட்டு, குணமாவதில் பெரிய வேறுபாடு இல்லை, வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்துக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை என்று 1959 முதல் வெளியிட்டது. படுக்கைக்கு யார் என்ற கேள்வியே விழுந்துவிட்டது. அதுவரை அந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை தேடியவர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மருமகனின் வகுப்பில், வென்டிலேட்டர் ஏன் ஒன்றுதான் இருக்கிறது என்று கேட்ட மாணவனுக்கு, "அது கேள்விக்கு வெளியே" என்று பதில் வந்ததாம். அதை மட்டும் நான் ஏற்கவில்லை.

அந்தச் சித்திரைக்குப் பிறகு இரண்டு மாதம் கழித்து, சன்னலுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை மாட்டினேன். அன்றன்றைய இருப்பை எழுதினேன்: நாய்க்கடி ஊசி இத்தனை, சீரம் இத்தனை, பாம்புக்கடி மருந்து இத்தனை. கீழ்த்தட்டுக் குப்பிகளையும் சேர்த்து எழுதினேன். அதற்கு எனக்கு ஒரு மெமோ வந்தது. தொலைபேசிகள் நிற்கவில்லை, பலகையைப் பார்த்துவிட்டு, தீர்வதற்குள் எடுத்து வைக்கச் சொல்லி வந்த தொலைபேசிகள் கூடவும் செய்தன. வெளிப்படையாக இருப்பதால் மட்டுமே நியாயம் வந்துவிடும் என்று நினைத்திருந்த எனக்கு அது பாடம். அதன்பின் அப்போதிருந்த பெண் மருத்துவர், முகம் கழுத்து கைக் கடிக்கு முதலில், பிறகு வந்த வரிசைப்படி என்று பலகையின் அடியில் தம் கையெழுத்திலேயே எழுதினார். கையெழுத்து இருந்ததால், தொலைபேசியில் பேசியவர்களிடம் அந்த வரியைப் படித்துக் காட்ட முடிந்தது. சிலர் திட்டினார்கள். பெரும்பாலோர் வரிசையில் உட்கார்ந்தார்கள்.

அவர் மாற்றலாகிப் போன பிறகு சுவருக்கு வெள்ளையடித்தார்கள், பலகை இறங்கிற்று. நானும் அடுத்த ஆண்டு வேறு ஊருக்குப் போனேன். அந்த மருத்துவமனையின் குளிர்பெட்டியை அதன்பின் நான் பார்க்கவில்லை. மருமகனுக்கு வரும் ஆடியில் அங்கே பயிற்சி போடக்கூடும் என்கிறான். போனால் கீழ்த்தட்டைத் திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.